மைக்ரோகன்ட்ரோலர்ல சி, சி++, ரஸ்ட், அசெம்ப்ளி கலந்து எழுதறப்ப திரும்பத் திரும்ப வர்ற சந்தேகங்கள்

காலேஜ் பசங்க, வேலைக்குப் புதுசா சேர்ந்தவங்க, ஆர்டுயினோவுல இருந்து எஸ்டிஎம்32 பக்கம் வந்தவங்கன்னு யார் கேட்டாலும் கேள்வி என்னவோ இதே தான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி அலுத்துப் போச்சு, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டுட்டேன், கேள்விகளை அவங்க கேட்ட மாதிரியே விட்டிருக்கேன். பெரும்பாலும் ஆர்ம் கார்டெக்ஸ்-எம் சிப், ஜிசிசி கம்பைலர்னு வெச்சுக்கிட்டு தான் பேசறேன், ஏன்னா கேக்கறவங்க கையில புளூ பில், நியூக்ளியோ, பிக்கோன்னு இந்த போர்டுகள்ல ஏதோ ஒண்ணு தான் இருக்கு.

ப்ரோ, சி ப்ராஜெக்ட்ல ஒரு சி++ ஃபைல் சேர்த்தா ஓடுமா, இல்ல எல்லாமே ஒரே லாங்குவேஜ்ல தான் இருக்கணுமா?

தாராளமா ஓடும். எந்த லாங்குவேஜ்ல எழுதினாலும் கம்பைலர் கடைசியில குடுக்கறது ஒரு ஆப்ஜெக்ட் ஃபைல், அந்த ஃபைல்களை ஒண்ணா கோக்கற லிங்கருக்கு அது சி-ல இருந்து வந்ததா ரஸ்ட்ல இருந்து வந்ததான்னு கவலையே இல்ல, பேர் மேட்ச் ஆகுதா, செக்‌ஷன் (கோடு, டேட்டான்னு பிரிச்ச துண்டு) எங்க போகணும், இவ்ளோ தான் பாக்கும்.

ஃபங்ஷன் கூப்பிடறதுக்கு ஆர்ம் ஒரு ஒப்பந்தம் போட்டு வெச்சிருக்கு. முதல் நாலு ஆர்கியூமென்ட் ஆர்0-ல இருந்து ஆர்3 வரைக்கும் இருக்கிற ரிஜிஸ்டர்கள்ல (சிபியுக்கு உள்ளயே இருக்கிற சின்ன இடங்கள்), ரிட்டர்ன் வேல்யூ ஆர்0-ல, 64 பிட்டா இருந்தா ஆர்0-வும் ஆர்1-ம் சேர்ந்து. ஆர்4-ல இருந்து ஆர்11 வரைக்கும் கூப்பிடப்பட்ட ஃபங்ஷன் தொட்டா, பழைய வேல்யூவைத் திருப்பி வெச்சிட்டுத் தான் போகணும். சி, சி++, ரஸ்ட், அடா எல்லாம் இந்த ஒப்பந்தத்துல பேசிக்க முடியும், ஆனா சி தவிர மத்த லாங்குவேஜ்ல நீங்க தனியா சொன்னா தான் பேசும், அது கீழ வருது.

ரன்டைம் ரன்டைம்னு சொல்றீங்களே, சி-க்கு எல்லாம் ரன்டைமே கிடையாதுன்னு தானே காலேஜ்ல சொன்னாங்க?

ரன்டைம்னா உங்க கோடுக்கு அடியில தானா ஓடற துணைக் கோடு. சி-க்கும் சின்னதா ஒண்ணு இருக்கு, யாரோ எழுதிக் குடுத்துட்டதால கண்ணுக்குத் தெரியல. குளோபலா கவுன்ட்னு ஒரு வேரியபிள் வெச்சு அதுக்கு 5 குடுக்கறீங்க. பவர் போட்ட நேரத்துல ரேம்ல குப்பை தான் இருக்கும், அந்த 5 ஃப்ளாஷ்ல உக்காந்திருக்கும். மெயின்ல நீங்க படிக்கும்போது 5 வருதுன்னா, நடுவுல யாரோ காப்பி பண்ணியிருக்காங்கன்னு அர்த்தம்.

கார்டெக்ஸ்-எம் ரீசெட் ஆனதும் ஹார்டுவேரே வெக்டர் டேபிளோட (ரீசெட், இன்டரப்ட் வந்தா எங்க போகணும்ங்கிற முகவரிப் பட்டியல்) முதல் வேர்டை எடுத்து ஸ்டாக் பாயின்டர்ல போடும், ரெண்டாவது வேர்டுல இருக்கிற முகவரிக்குத் தாவும். அது தான் ரீசெட் ஹேண்ட்லர். அங்க டேட்டா செக்‌ஷனை ஃப்ளாஷ்ல இருந்து ரேமுக்கு காப்பி பண்றது, பிஎஸ்எஸ் (ஆரம்ப வேல்யூ குடுக்காத குளோபல்கள் இருக்கிற) செக்‌ஷனை பூஜ்யமாக்கறது, சிஸ்டம் இனிட், அப்புறம் சி++ கன்ஸ்ட்ரக்டர்கள், எல்லாம் முடிஞ்சு தான் மெயின். ஸ்டாக் பாயின்டரை ஹார்டுவேரே வெச்சிடறதால ரீசெட் ஹேண்ட்லரை அசெம்ப்ளி இல்லாம சி-லயே எழுதலாம், பழைய ஆர்ம்7 காலத்துல இந்த சொகுசு கிடையாது.

ஒவ்வொரு லாங்குவேஜும் தன்னோட முதல் வரி ஓடறதுக்கு முன்னாடி சில வேலை முடிஞ்சிருக்கும்னு நம்பிக்கிட்டு வருது. நான் பாத்த வரைக்கும் லாங்குவேஜ் கலக்கும்போது வர்ற பிரச்சனைல முக்கால்வாசி, அந்த வேலையை யாருமே செய்யல, இல்லன்னா ரெண்டு பேரும் செஞ்சாங்கங்கிறது தான்.

எக்ஸ்டர்ன் சி எதுக்கு? போடலன்னா என்ன ஆயிடும்?

சி++ ஒரே பேர்ல பல ஃபங்ஷன் வெச்சுக்க விடுது, அதனால ஆர்கியூமென்ட் டைப்பையும் பேரோட சேர்த்து முறுக்கி வெக்கும். ஃபூங்கிற ஃபங்ஷன் ஒரு இன்ட் வாங்கினா ஆப்ஜெக்ட் ஃபைல்ல அது அண்டர்ஸ்கோர், இசட், 3, ஃபூ, ஐன்னு ஒரே பேரா ஒட்டி நிக்கும். சி ஃபைல் வெறும் ஃபூன்னு தேடும், கிடைக்காது, அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்னு எரர் வரும். எக்ஸ்டர்ன் சி போட்டா பேரை முறுக்காம விட்டுடும், அவ்ளோ தான், உள்ள இருக்கிற கோடு சி++ கோடாவே தான் இருக்கும், டெம்ப்ளேட், கிளாஸ் எல்லாம் பயன்படுத்தலாம்.

ஹெடர் ஃபைல் ரெண்டு பக்கமும் இன்க்ளூட் ஆகும்னா சிபிளஸ்பிளஸ் மேக்ரோ இருக்கான்னு பாத்து அதுக்குள்ள எக்ஸ்டர்ன் சி-யைப் போடுங்க, சி கம்பைலருக்கு அந்த வார்த்தையே தெரியாது. ஆர்டுயினோ ஆளுங்க இங்க தான் மாட்டுவாங்க, ஸ்கெட்ச் ஃபைல் சி++-ஆ தான் கம்பைல் ஆகுது, பக்கத்துல ஒரு சி ஃபைல் போட்டு அதோட ஹெடரை அப்படியே இன்க்ளூட் பண்ணா இதே எரர் தான்.

லிங்க் எரர் ஒண்ணுமே இல்ல, ஆனா டைமர் இன்டரப்ட் வந்ததும் போர்டு அப்படியே நின்னுடுது. ஃபைலை சி-ல இருந்து சிபிபி (சி++ ஃபைல்) ஆக்கினது மட்டும் தான் நான் பண்ணேன்

போன கேள்வியோட அண்ணன் இது, இன்னும் மோசமானவன், ஏன்னா எரரே வராது. ஸ்டார்ட்அப் ஃபைல்ல எல்லா இன்டரப்ட்டுக்கும் ஒரு வீக் பேர் குடுத்து, அதை டிஃபால்ட் ஹேண்ட்லர்னு ஒரு முடிவில்லாத லூப்புக்குக் கட்டி வெச்சிருப்பாங்க. நீங்க அதே பேர்ல நிஜ ஃபங்ஷன் எழுதினா லிங்கர் வீக்கைத் தள்ளிட்டு உங்களோடதை எடுத்துக்கும். சிபிபி ஆக்கினதும் உங்க ஃபங்ஷன் பேர் முறுக்கிக்கிச்சு, வீக் பேருக்குப் போட்டியே இல்ல, அதுவே வெக்டர் டேபிள்ல உக்காந்துடுச்சு. லிங்கர் பார்வையில எல்லாம் சரி தான், குறை சொல்ல ஒண்ணுமில்ல.

டீபக்கரை நிறுத்திப் பாத்தா டிஃபால்ட் ஹேண்ட்லர் லூப்புக்குள்ள சுத்திட்டு இருக்கும். அது தெரிஞ்சதும் சிம்பல் பேர்களைக் காட்டற என்எம் டூலை எல்ஃப் ஃபைல் (லிங்கர் குடுக்கற கடைசி ஃபைல்) மேல ஓட விட்டு உங்க ஹேண்ட்லர் பேரைத் தேடுங்க, பேருக்கு முன்னாடி டபிள்யூ இருந்தா வீக் தான் ஜெயிச்சிருக்குன்னு அர்த்தம். ஹேண்ட்லருக்கு எக்ஸ்டர்ன் சி போட்டா முடிஞ்சது. பேர்ல ஒரு எழுத்து தப்பா அடிச்சாலும் இதே கதை தான், சி-லயே கூட.

குளோபல் ஆப்ஜெக்ட்டோட கன்ஸ்ட்ரக்டர் ஓடவே மாட்டேங்குது சார்

மேல ரீசெட் ஹேண்ட்லர் வேலைகளைச் சொன்னேன்ல, அதுல கடைசி வேலையை யாரும் செய்யல. கம்பைலர் ஒவ்வொரு குளோபல் கன்ஸ்ட்ரக்டரோட முகவரியையும் இனிட் அர்ரேங்கிற செக்‌ஷன்ல போட்டு வெக்கும், மெயினுக்கு முன்னாடி லிப்சி இனிட் அர்ரேங்கிற ஃபங்ஷனை ஸ்டார்ட்அப் கூப்பிட்டா தான் அது வரிசையா ஓடும். சி-க்குன்னு எழுதின பழைய ஸ்டார்ட்அப் ஃபைல்ல அந்தக் கூப்பாடு இருக்காது. கூப்பாடு இருந்தும் ஓடலன்னா லிங்கர் ஸ்கிரிப்ட்ல அந்த செக்‌ஷனுக்கு கீப் போட்டிருக்கான்னு பாருங்க, யாரும் நேரடியா பேர் சொல்லிக் கூப்பிடாததால பயன்படாத செக்‌ஷனை வெட்டற ஆப்ஷன் அதையும் சேர்த்து வெட்டிடும்.

இதோட மறுபக்கம், கன்ஸ்ட்ரக்டர் ஓடுது ஆனா ரொம்ப சீக்கிரம் ஓடுது. யுஆர்ட் (சீரியல் போர்ட்) கிளாஸோட கன்ஸ்ட்ரக்டர்லயே பாட் ரேட் ரிஜிஸ்டரை எழுதறாங்க, ஆனா கிளாக் கான்ஃபிக் மெயினுக்குள்ள தான் நடக்குது, அப்புறம் டெர்மினல்ல குப்பையா வருதுன்னு வருவாங்க. கன்ஸ்ட்ரக்டர்ல வேல்யூ மட்டும் வாங்கி வெச்சுக்கிட்டு ஹார்டுவேரைத் தொடற வேலைக்கு தனியா பிகின்னு ஒரு ஃபங்ஷன் வைங்க. ஆர்டுயினோ லைப்ரரில எல்லாம் பிகின் பிகின்னு இருக்கிறதுக்குக் காரணம் இது தான்.

சி++ சேர்த்ததும் 64 கேபி ஃப்ளாஷ் பத்தல, சி++ அவ்ளோ பெருசா?

லாங்குவேஜ் பெருசு இல்ல, கூட வர்ற கூட்டம் பெருசு. எக்செப்ஷன் ஆன்ல இருந்தா ஸ்டாக்கைப் பின்னாடி சுத்தறதுக்கான டேபிள், சுத்தற கோடு எல்லாம் வரும். ஐஓஸ்ட்ரீம் ஒரு தடவை இன்க்ளூட் பண்ணாலே லோக்கேல் வரைக்கும் இழுத்துட்டு வந்துடும். எக்செப்ஷன், ஆர்டிடிஐ (ஓடும்போது டைப் கண்டுபிடிக்கறது) ரெண்டையும் ஆஃப் பண்ணுங்க, ஃபங்ஷன் உள்ள இருக்கிற ஸ்டாட்டிக்குக்கு த்ரெட் சேஃப் பூட்டு போடறதையும் தேவை இல்லன்னா ஆஃப் பண்ணுங்க.

எல்லாம் பண்ணியும் பெருசா இருந்தா பியூர் விர்ச்சுவல் ஃபங்ஷன் எங்கயாவது இருக்கான்னு பாருங்க. லைப்ரரில இருக்கிற பியூர் விர்ச்சுவல் ஹேண்ட்லர் டெர்மினேட்டைக் கூப்பிடும், அது எரர் மெசேஜ் அழகா காட்டறேன்னு முறுக்கின பேரை அவிழ்க்கிற கோடு முழுசையும் கொண்டு வரும், ஸ்கிரீனே இல்லாத போர்டுக்கு! அந்த ஹேண்ட்லரை நீங்களே ஒரு வெறும் லூப்பா எழுதிட்டா அத்தனையும் காணாம போகும். எது எதை இழுத்துச்சுன்னு லிங்கர் எழுதற மேப் ஃபைலோட ஆரம்பத்துலயே இருக்கும், அதைப் படிக்காம சைஸ் பத்தி சண்டை போடாதீங்க.

பிரின்ட்எஃப்ல பர்சன்ட் எஃப் போட்டா வெறுமையா வருது, இன்னொரு ப்ராஜெக்ட்ல பிரின்ட்எஃப் போட்டாலே எஸ்பிரேக் இல்லன்னு லிங்க் எரர்

ரெண்டுமே நியூலிப் (சின்ன சிப்களுக்கான சி லைப்ரரி) விஷயம். சின்ன சைஸுக்காக நியூலிப் நானோ பயன்படுத்தறோம், அதுல ஃப்ளோட் பிரின்ட் பண்ற கோடு டிஃபால்ட்டா கிடையாது, பிரின்ட்எஃப் ஃப்ளோட்ங்கிற சிம்பலை வேணும்னு லிங்கர் கிட்ட கேட்டா வரும், கூடவே பல கேபியும் போகும். 23.5 டிகிரின்னு காட்ட மட்டும் தான்னா பத்தால பெருக்கி இன்டீஜரா காட்டிட்டுப் போங்க.

ரெண்டாவது எரருக்குக் காரணம், நியூலிப் தனக்குக் கீழ ஒரு ஓஎஸ் இருக்கும்னு நம்புது. எழுது, படி, மூடு, மெமரி குடுன்னு சில ஃபங்ஷனை நீங்க தான் எழுதிக் குடுக்கணும். எஸ்பிரேக் தான் ஹீப்பை (மாலாக் மெமரி எடுக்கற இடம்) வளக்கறது, ரைட் தான் எழுத்தை யுஆர்ட்டுக்கு அனுப்பறது. நோசிஸ் ஆப்ஷன் போட்டா பொம்மை ஃபங்ஷன்கள் வந்து எரர் போயிடும், ஆனா ரைட் பொம்மையா இருந்தா ஒரு எழுத்தும் வெளிய வராது.

கம்பெனி குடுத்த லைப்ரரியைச் சேர்த்தா விஎஃப்பி ரிஜிஸ்டர் ஆர்கியூமென்ட்னு ஏதோ எரர் வருது

முதல் பதில்ல சொன்ன ஒப்பந்தத்துக்கு ஃப்ளோட் விஷயத்துல ரெண்டு வெர்ஷன் இருக்கு. ஹார்டு ஃப்ளோட்ல ஃப்ளோட் ஆர்கியூமென்ட் எஃப்பியு (ஃப்ளோட் கணக்குக்கான ஹார்டுவேர்) ரிஜிஸ்டர்ல போகும், சாஃப்ட்லயும் சாஃப்ட்எஃப்பி-லயும் சாதா ஆர்0, ஆர்1-ல போகும். ஒண்ணு ஹார்டு இன்னொண்ணு சாஃப்ட்னா லிங்கர் மறுத்துடும், அது நல்லதுக்குத் தான். சோர்ஸ் இல்லாத லைப்ரரின்னா உங்க ப்ராஜெக்ட்டை அதுக்குத் தகுந்த மாதிரி மாத்தறதைத் தவிர வேற வழி இல்ல.

எம்4-ல இருக்கிற எஃப்பியு சிங்கிள் ப்ரிசிஷன் மட்டும் தான், டபுள் எழுதினா சாஃப்ட்வேர் ஃபங்ஷன் தான் ஓடும். எம்0-ல எஃப்பியுவும் இல்ல, டிவைட் இன்ஸ்ட்ரக்‌ஷன் கூட கிடையாது, நீங்க வகுத்தல் குறி போட்டதும் லிப்ஜிசிசி-ல இருக்கிற டிவைட் ஃபங்ஷனை கம்பைலர் கூப்பிடும். இதுவும் ரன்டைம் தான், சொல்லாம கொள்ளாம வர்றது. 2021-ல வந்த பிக்கோவோட ஆர்பி2040 சிப்ல ஃப்ளோட் ரொட்டீன்களை பூட் ரோம்லயே (மாத்த முடியாத மெமரி) எரிச்சு வெச்சிருக்காங்க, பிக்கோவோட எஸ்டிகே (டெவலப்மென்ட் கிட்), கம்பைலரோட ஃப்ளோட் ஃபங்ஷன் பேர்களைப் பிடிச்சு ரோம்ல இருக்கிறதுக்குத் திருப்பி விடுது.

அசெம்ப்ளில ஒரு ஃபங்ஷன் எழுதி பாயின்டர் வழியா கூப்பிட்டதும் ஹார்ட்ஃபால்ட்

தம்ப் ஃபங்க்னு ஒரு டைரக்டிவ் லேபிளுக்கு முன்னாடி போட்டீங்களா? கார்டெக்ஸ்-எம் தம்ப்ங்கிற சுருக்கமான இன்ஸ்ட்ரக்‌ஷன் மோடுல மட்டும் தான் ஓடும், பாயின்டர்ல கடைசி பிட் 1-ஆ இருந்தா தம்ப்னு அர்த்தம். டைரக்டிவ் இல்லன்னா அசெம்பிளர் அதை வெறும் லேபிளா நினைச்சு கடைசி பிட்டை 0-ன்னு விட்டுடும், தாவின உடனே சிபியு ஃபால்ட் அடிக்கும். ஃபைல் பேர்ல பெரிய எஸ் இருந்தா தான் ப்ரீப்ராசஸர் ஓடும், சின்ன எஸ்னா டிஃபைன், இன்க்ளூட் எதுவும் வேலை செய்யாது.

கூப்பிட்டு வந்துடுது ஆனா கொஞ்ச நேரம் கழிச்சு வேற எங்கயோ வேரியபிள் கெட்டுப் போகுதுன்னா, ஆர்4-க்கு மேல இருக்கிறதைத் தொட்டுட்டு சேவ் பண்ணாம விட்டிருப்பீங்க. உள்ள இருந்து இன்னொரு சி ஃபங்ஷனைக் கூப்பிட்டா ஸ்டாக் 8 பைட் அலைன்மென்ட்ல இருக்கணும், ஒத்தைப்படை எண்ணிக்கைல ரிஜிஸ்டர் புஷ் பண்ணாதீங்க.

இன்டரப்ட் ஃபங்ஷனுக்கு ஸ்பெஷல் கீவேர்டு ஏதும் வேணாமா?

கார்டெக்ஸ்-எம்ல வேணாம். இன்டரப்ட் வந்ததும் ஆர்0-ல இருந்து ஆர்3, ஆர்12, எல்ஆர், பிசி, ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டர்னு எட்டு வேர்டை ஹார்டுவேரே ஸ்டாக்ல தள்ளிடும், அது தான் ஒரு சாதா ஃபங்ஷன் கெடுக்கலாம்னு ஒப்பந்தம் சொல்ற ரிஜிஸ்டர் லிஸ்ட். அதனால எந்த லாங்குவேஜ்ல எழுதினாலும் சரி, பேர் மட்டும் சரியா இருக்கணும். ஏவிஆர்ல (ஆர்டுயினோ ஊனோல இருக்கிற சிப் வகை) ஹார்டுவேர் பிசி-யை மட்டும் தான் தள்ளும், அதனால அங்க ஐஎஸ்ஆர் மேக்ரோ கட்டாயம்.

ஏற்கனவே ஓடிட்டு இருக்கிற சி ஃபர்ம்வேர்ல ரஸ்ட்டை கொஞ்சம் கொஞ்சமா நுழைக்க முடியுமா அண்ணா?

முடியும், 2018 டிசம்பர்ல வந்த ரஸ்ட் 1.31-ல இருந்தே ஸ்டேபிள் கம்பைலர்ல நோ எஸ்டிடி (ஸ்டாண்டர்டு லைப்ரரி இல்லாத) ஃபர்ம்வேர் எழுதலாம். ரஸ்ட் பக்கத்தை ஸ்டாட்டிக் லைப்ரரியா பில்ட் பண்ணி சி ப்ராஜெக்ட்டோட லிங்க் பண்ணுங்க. வெளிய தெரியற ஃபங்ஷனுக்கு எக்ஸ்டர்ன் சி-யும் நோ மேங்கிளும் போடணும், 2024 எடிஷன்ல நோ மேங்கிளை அன்சேஃப்குள்ள எழுதச் சொல்லுது. மீள முடியாத எரர் வந்தா ரஸ்ட் கூப்பிடற பேனிக் ஹேண்ட்லர் ஒண்ணு நீங்க தான் குடுக்கணும். டார்கெட் பேர்ல கடைசில எச்எஃப் இருக்கிறது தான் ஹார்டு ஃப்ளோட், சி பக்கம் எதுவோ அதுவே இங்கயும்.

ஸ்டார்ட்அப் யார் கையிலங்கிறதை முதல்லயே முடிவு பண்ணுங்க. சி ப்ராஜெக்ட்டுக்குள்ள ரஸ்ட் போகுதுன்னா சி ஸ்டார்ட்அப்பே இருக்கட்டும், கார்டெக்ஸ்-எம்-ஆர்டி கிரேட்டை (ரஸ்ட் லைப்ரரி) சேர்க்காதீங்க, அது தன் வெக்டர் டேபிள், ரீசெட் ஹேண்ட்லரோட வரும், ரெண்டு ரீசெட் ஹேண்ட்லர் இருக்க முடியாது. நான் எப்பவும் சொல்றது, முதல்ல ஒரு ப்ரோட்டோகால் பார்சர் மாதிரி ஹார்டுவேரைத் தொடாத துண்டை ரஸ்ட்டுக்கு மாத்துங்க, பைட் அர்ரேவும் நீளமும் உள்ள போகுது, ஒரு ஸ்ட்ரக்ட் வெளிய வருது. ரஸ்ட் நிஜமா உதவறதும் அங்க தான். ஜிபிஐஓ டாகிள் பண்றதை ரஸ்ட்ல மாத்தி எழுதி ஒரு லாபமும் இல்ல.

ஸ்ட்ரக்ட் ரெண்டு பக்கமும் அச்சு அசலா ஒரே மாதிரி தான் இருக்கு, ஆனா வேல்யூ இடம் மாறி வருது

ரஸ்ட்ல ஸ்ட்ரக்ட்டுக்கு மேல ரெப்ர் சி, அதாவது repr(C), போடலன்னா ஃபீல்டு வரிசையை கம்பைலர் இஷ்டத்துக்கு மாத்தலாம், முதல்ல அதைப் பாருங்க. அடுத்த சந்தேகம் ஈனம், அதாவது enum டைப். பேர் மெட்டல் ஆர்ம் ஜிசிசி சின்ன ஈனமை ஒரு பைட்ல அடக்கிடும், இன்னொரு லைப்ரரி 4 பைட்னு நினைச்சு கம்பைல் ஆகியிருந்தா அதுக்கு அப்புறம் வர்ற எல்லா ஃபீல்டும் நகர்ந்துடும். லிங்கர் ஒரு வார்னிங் குடுக்கும், ஆனா வார்னிங்கை யார் படிக்கறா.

எல்லையைத் தாண்டற ஸ்ட்ரக்ட்ல ஈனம், லாங், பூல் எதுவும் வெக்காம சைஸ் தெரிஞ்ச இன்டீஜர் மட்டும் வைங்க, ரெண்டு பக்கமும் சைஸும் ஆஃப்செட்டும் கம்பைல் நேரத்துலயே அசர்ட் பண்ணுங்க. பூல் ஏன் வேணாம்னா, ரஸ்ட்ல பூலுக்குள்ள 0, 1 தவிர வேற எதுவும் இருந்தா அது அன்டிஃபைன்ட் பிஹேவியர், சி பக்கம் யாராவது மெம்காப்பில 2 போட்டு அனுப்பிட்டா கதை கந்தல்.

ஒரு பக்கம் மாலாக் பண்ணி இன்னொரு பக்கம் ஃப்ரீ பண்ணலாமா?

கூடாது. குடுத்தவன் தான் வாங்கிக்கணும், அதனால கிரியேட், டெஸ்ட்ராய்னு ஜோடியா ஃபங்ஷன் வெளிய குடுங்க. ஃப்ரீஆர்டிஓஎஸ் (பல டாஸ்க்கை மாத்தி மாத்தி ஓட்டற குட்டி ஓஎஸ்) இருந்தா அதுக்குன்னு தனி ஹீப், நியூலிப்புக்குத் தனி ஹீப்புன்னு ரெண்டு ஓடும், நியூலிப் மாலாக்குக்கு பூட்டு ஃபங்ஷன் நீங்க குடுக்கலன்னா ரெண்டு டாஸ்க் ஒரே நேரத்துல மாலாக் பண்ணி ஹீப்பைக் கெடுத்துக்கும். நேரடியா மாலாக் எழுதாட்டியும் பிரின்ட்எஃப் உள்ளுக்குள்ள மாலாக் பண்ணலாம், அதை மறந்துடறாங்க.

சி++ எக்செப்ஷன் நடுவுல இருக்கிற சி ஃபங்ஷனைத் தாண்டிப் போகுமா?

சி ஃபைலை அன்வைன்ட் டேபிளோட (மேல சொன்ன ஸ்டாக்கைப் பின்னாடி சுத்தற டேபிள்) கம்பைல் பண்ணியிருந்தா போகும், இல்லன்னா டெர்மினேட் ஆகும். ரஸ்ட் பேனிக் இந்த சிப்கள்ல அன்வைன்டே ஆகாது, நேரா பேனிக் ஹேண்ட்லர் தான். எல்லையில எரர் கோடா மாத்தி ரிட்டர்ன் பண்ணுங்க, வேற யோசனையே வேணாம்.

எம்4-ல ஓடின அதே கோடு எம்0-ல லிங்க் ஆகல, அட்டாமிக்னு ஏதோ ஃபங்ஷன் காணோம்ங்குது

எம்0, எம்0 பிளஸ்ல எக்ஸ்க்ளூசிவ் லோடு ஸ்டோர் இன்ஸ்ட்ரக்‌ஷன் கிடையாது, அதனால கம்பேர் எக்ஸ்சேஞ்ச் மாதிரி ஆபரேஷனுக்கு ஜிசிசி வெளி ஃபங்ஷனைக் கூப்பிடுது, அதை யாரும் எழுதல. ரஸ்ட்ல இன்னும் முன்னாடியே, அந்த மெத்தடே இல்லன்னு கம்பைலர் சொல்லிடும். சிங்கிள் கோர்னா இன்டரப்ட்டை மூடிட்டு பண்ற மாதிரி நீங்களே எழுதிக்கலாம். ஆர்பி2040-ல ரெண்டு கோர் இருக்கு, இந்தக் கோர்ல இன்டரப்ட்டை மூடினா அந்தக் கோர் நிக்காது, அதுக்குன்னு 32 ஹார்டுவேர் ஸ்பின்லாக் (ஒரு நேரத்துல ஒரு கோர் மட்டும் பிடிக்கிற பூட்டு) வெச்சிருக்காங்க, அதுல ஒண்ணை எடுத்துக்கணும்.

மைக்ரோபைத்தான்ல எழுதிட்டேன், வேகம் பத்தல, அந்த ஒரு ஃபங்ஷனை மட்டும் சி-ல போடலாமா?

போடலாம், மைக்ரோபைத்தானே சி-ல எழுதினது தான். 2013-ல டேமியன் ஜார்ஜ் கிக்ஸ்டார்ட்டர்ல ஆரம்பிச்சப்பவே, பைபோர்டுல இருந்தது ஒரு எஸ்டிஎம்32எஃப்405. யூசர் சி மாட்யூலா எழுதி ஃபர்ம்வேரைத் திரும்ப பில்ட் பண்ணணும். அதுக்கு முன்னாடி பைத்தான் ஃபங்ஷனை மெஷின் கோடா மாத்தற நேட்டிவ், வைப்பர் டெக்கரேட்டர் ரெண்டையும் போட்டுப் பாருங்க, சில சமயம் அதுவே போதும்.

சி பக்கம் வந்தா கார்பேஜ் கலெக்டரை (பயன்படாத மெமரியைத் திரும்ப எடுக்கற கோடு) மனசுல வெச்சுக்கணும். மைக்ரோபைத்தான் ஹீப்ல இடம் வாங்கி அந்த பாயின்டரை ஒரு ஸ்டாட்டிக் வேரியபிள்ல மட்டும் வெச்சா கலெக்டர் அதைப் பாக்காது, யாருக்கும் வேணாம் போலன்னு இடத்தை எடுத்து வேற ஆளுக்குக் குடுத்துடும். ரூட் பாயின்டரா பதிவு பண்ணணும். பைத்தான் பக்கம் ஹார்டு இன்டரப்ட் கால்பேக்ல மெமரி அலகேட் பண்ண முடியாது, இந்த போர்டுகள்ல ஃப்ளோட் கணக்கு கூட பெரும்பாலும் ஹீப்ல தான் உக்காரும், அதனால அங்க ஃப்ளாக் மட்டும் வெச்சிட்டு ஷெட்யூல் பண்ணி வெளிய செய்ங்க.

லைப்ரரியே வேணாம்னு மெம்காப்பியை நானே ஒரு ஃபார் லூப்ல எழுதினேன், அது தன்னையே கூப்பிட்டு ஸ்டாக் காலி ஆகுது, எப்படி சார்?

ஆப்டிமைசர் உங்க லூப்பைப் பாத்து, அட இது பைட் காப்பி பண்ற லூப், மெம்காப்பியைக் கூப்பிட்டா வேகமா இருக்குமேன்னு அதை மெம்காப்பி கூப்பாடா மாத்திடுச்சு. அது இருக்கிறதே மெம்காப்பிக்குள்ள. டிஸ்அசெம்ப்ளி பாத்தீங்கன்னா லூப்பே இருக்காது, தன் பேருக்கே ஒரு பிராஞ்ச் இருக்கும். லூப் டிஸ்ட்ரிபியூட் பேட்டர்ன்ஸ்ங்கிற ஆப்ஷனை அந்த ஃபைலுக்கு மட்டும் ஆஃப் பண்ணா சரியாயிடும்.

லைப்ரரி வேணாம்னாலும் மெம்காப்பி, மெம்மூவ், மெம்செட், மெம்கம்ப் இந்த நாலும் இருக்கணும்னு ஜிசிசி எதிர்பாக்கும், ஸ்ட்ரக்ட்டை ஸ்ட்ரக்ட்டுக்கு சமன் போட்டாலே மெம்காப்பி கேக்கலாம். ரஸ்ட் சேர்த்திருந்தா அதோட கம்பைலர் பில்டின்ஸ்லயும் இதே நாலு இருக்கு, ஆனா வீக்கா இருக்கிறதால சண்டை வராது, நியூலிப்போடதோ உங்களோடதோ எது ஸ்ட்ராங்கா லிங்க்ல வந்திருக்கோ அதுவே நிக்கும். எது நின்னுச்சுன்னு பாக்க நாலாவது கேள்வில சொன்ன அதே என்எம், அதே மேப் ஃபைல்.